பேட்டர்ன் இல்லாம சொந்தமா ஒரு அமிகுருமி பொம்மை டிசைன் பண்றது எப்படி

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால (ஹூக்) நூலை பின்னுறது, ஓரளவுக்கு கைக்கு வந்திருச்சு, யாரோ எழுதின பேட்டர்னை வரிவரியா பாத்து ரெண்டு மூணு பொம்மையும் போட்டாச்சு, ஆனா மனசுல இருக்குற ஒரு யானைக்குட்டியை சொந்தமா போடலாம்னு நூலை எடுத்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இந்த நிலைமையில இருக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். அமிகுருமின்னா குரோஷேயில பின்னி பஞ்சு அடைக்கிற குட்டி பொம்மை. அதுல உருவத்தை முடிவு பண்றது ஒவ்வொரு சுத்துலயும் எத்தனை ஸ்டிட்ச் இருக்குங்கிற எண்ணிக்கைதான், வேற பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. அந்த எண்ணிக்கை ஏன் அப்படி வருதுன்னு ஒரு தடவை புரிஞ்சிட்டா அப்புறம் எந்த மிருகத்தை பாத்தாலும் "இது இத்தனைல ஆரம்பிச்சு இத்தனை வரைக்கும் போகணும்"னு மனசே கணக்கு போட ஆரம்பிச்சிரும்.

சாமான் விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடலாம். முதல் பொம்மைக்கு நடுத்தர கனமுள்ள காட்டன் இல்லன்னா அக்ரிலிக் நூல், வெளிர் நிறத்துல எடுங்க, கறுப்பு, கருநீலம் எல்லாம் ஸ்டிட்ச் கண்ணுக்கே தெரியாது. வெல்வெட் மாதிரி புசுபுசு நூல் பாக்க ஆசையா இருக்கும், ஆனா அதுல ஓட்டையை விரலால தடவித்தான் கண்டுபிடிக்கணும், அதனால அது பிறகு. காட்டன் இழுபடாது, உருவம் அப்படியே நிக்கும், அக்ரிலிக் கொஞ்சம் இழுபடும், பஞ்சு அடைச்சா பொம்மை நினைச்சதை விட பெருசாகும். நூல் லேபிள்ல என்ன ஹூக் சைஸ் போட்டிருக்கோ அதை விட ஒண்ணு ரெண்டு சைஸ் சின்ன ஹூக் எடுக்கணும், லேபிள்ல 4 மிமீ இருந்தா 3 மிமீ ஹூக். ஏன்னா லேபிள் சொல்றது சட்டை, சால்வை போடுறதுக்கு, நமக்கு வேண்டியது பஞ்சு வெளிய எட்டிப் பாக்காத இறுக்கமான துணி. போட்டு முடிச்ச துண்டை வெளிச்சத்துக்கு நேரா விரல்ல மாட்டி லேசா விரிச்சுப் பாருங்க, ஊசிமுனை அளவு ஓட்டை பரவால்ல, அதுக்கு மேல தெரிஞ்சா ஹூக்கை இன்னும் சின்னதாக்குங்க. இதோட ஸ்டிட்ச் மார்க்கர் (ஸ்டிட்ச்ல அடையாளத்துக்கு மாட்டுற கிளிப்), மழுங்கின முனை உள்ள தையல் ஊசி, பாலியஸ்டர் பஞ்சு, குண்டூசி, அவ்வளவுதான்.

தெரிஞ்சிருக்க வேண்டிய பின்னலும் கொஞ்சம்தான். மேஜிக் ரிங் (இழுத்து இறுக்கி நடு ஓட்டையை மூடக்கூடிய ஆரம்ப வளையம்), சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படை ஸ்டிட்ச்), ஒரே ஸ்டிட்சுக்குள்ள ரெண்டு போடுற இன்க்ரீஸ், ரெண்டை ஒண்ணாக்குற டிக்ரீஸ். ஒரு எச்சரிக்கை, அமெரிக்க பேட்டர்ன்ல சிங்கிள்னு சொல்றதைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள்னு எழுதுவாங்க, அது தெரியாம போட்டா பொம்மை பூரா ஓட்டையா வரும். அமிகுருமியை சுத்துக்கு சுத்து மூடாம நத்தை ஓடு மாதிரி சுருளாவே போட்டுட்டு போறோம், அதனால ஒவ்வொரு சுத்தோட முதல் ஸ்டிட்ச்லயும் மார்க்கர் மாட்டியே ஆகணும், எண்ணிக்கை எல்லாம் மனசுல இருக்குன்னு விட்டா பத்தாவது சுத்துல கண்டிப்பா குழம்பும்.

சிங்கிள் போடும்போது ஹூக்கை ஸ்டிட்சுக்குள்ள விட்டு நூலை எடுக்குறோம் பாருங்க, அந்த இடத்துல நூலை ஹூக்குக்கு மேல சுத்தி எடுத்தா ஸ்டிட்ச் வெளிய வி வடிவத்துல தெரியும், ஹூக்கை நூலுக்கு மேல கொண்டு போய் அப்படியே கொக்கியில மாட்டி இழுத்தா பெருக்கல் குறி மாதிரி தெரியும். பெருக்கல் குறி வர்றது இன்னும் இறுக்கமா, கொஞ்சம் சின்னதா வரும், ஸ்டிட்ச் சாயுறதும் குறைவு. எனக்கு பொம்மைக்கு அதுதான் பிடிக்கும், ஆனா எதுவா இருந்தாலும் ஒரே பொம்மைக்குள்ள ரெண்டையும் கலக்காதீங்க, தலை ஒரு சைஸ்லயும் உடம்பு இன்னொரு சைஸ்லயும் வந்து நிக்கும். டிக்ரீஸ் போடும்போது ரெண்டு ஸ்டிட்சோட முன் லூப்பை (ஸ்டிட்ச் தலையில இருக்குற ரெண்டு நூல் வளையத்துல நம்ம பக்கம் இருக்குறது, அந்தப் பக்கம் இருக்குறது பின் லூப்) மட்டும் ஹூக்ல எடுத்து, நூலை அந்த ரெண்டு வழியாவும் இழுத்து, அப்புறம் சாதாரண சிங்கிள் மாதிரி முடிச்சா குறைச்ச இடமே தெரியாது. இன்னொண்ணு, வெளிப்பக்கம் எதுன்னு கவனிக்கணும், வி இல்லன்னா பெருக்கல் குறி தெரியுற பக்கம்தான் வெளிய இருக்கணும், குறுக்கு கோடு தெரியுறது உள்பக்கம். அஞ்சு ஆறு சுத்து போனதும் துண்டு தானா உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருளும், அப்போ தயங்காம திருப்பி விட்டுருங்க.

இப்ப கணக்குக்கு வருவோம், நிதானமா படிங்க, டிசைனோட முக்கால்வாசி இங்கதான் இருக்கு. எல்லா பேட்டர்னும் ஏன் 6ல ஆரம்பிச்சு 12, 18, 24னு ஆறு ஆறா ஏறுது? சிங்கிள் குரோஷே ஸ்டிட்சோட உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு வட்டத்தோட ஆரம் ஒரு ஸ்டிட்ச் உயரம் கூடினா சுற்றளவு ரெண்டு பை (2π) மடங்கு, அதாவது 6.28 ஸ்டிட்ச் அகலம் கூடணும். அதுதான் அந்த ஆறு. சுத்துக்கு 6 கூட்டினா தட்டையான வட்டம் வரும், 8, 9னு கூட்டினா இடம் பத்தாம ஓரம் அலை அலையா நெளியும், ஆறுக்கு கீழ கூட்டினா கிண்ணம் மாதிரி குழியும், ஒண்ணுமே கூட்டலன்னா நேரா குழாய். டபுள் குரோஷே உயரமானது, அதான் அதுக்கு 12ல ஆரம்பிக்கிறாங்க. இந்த ஒரு பத்தியை நல்லா பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் இதுல இருந்தே வந்துரும்.

உருண்டை போடுறதுக்கு வழி இதுதான், எத்தனை சுத்து கூட்டினீங்களோ அத்தனை சுத்து நேரா போட்டு, அப்புறம் அதே மாதிரி ஆறு ஆறா குறைச்சு மூடணும். 6, 12, 18, 24, 30, 36 ஆறு சுத்து, 36லயே நேரா ஆறு சுத்து, பிறகு 30, 24, 18, 12, 6. மொத்தம் 17 சுத்து. நேர் சுத்தை குறைச்சா பூசணிக்காய் மாதிரி அமுங்கின உருண்டை, கூட்டினா முட்டை. இதுல டிசைன் பண்றவங்களுக்கு ரொம்ப உதவுற விஷயம் ஒண்ணு இருக்கு, கூட்டி முடிச்சதும் கையில இருக்குற தட்டையான வட்டத்தோட விட்டம் எவ்வளவோ உருண்டையோட விட்டமும் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும், பஞ்சு அடைச்சா கொஞ்சம் கூடும். ஆக 7 செமீ தலை வேணும்னா கால்குலேட்டர் எல்லாம் தேவையில்ல, வட்டத்தை ஸ்கேல் மேல வெச்சு வெச்சு பாத்து ஆறரை செமீ வந்ததும் கூட்டுறதை நிறுத்திட வேண்டியதுதான்.

ஒரு சின்ன விஷயம், இன்க்ரீஸை ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல மேல மேல போட்டா வட்டத்துக்கு பதிலா அறுகோணம் வரும், ஆறு மூலையும் நல்லாவே தெரியும். ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து இடத்தை மாத்துங்க. 18ல இருந்து 24 ஸ்டிட்சுக்கு போற சுத்துல "ரெண்டு சிங்கிள், ஒரு இன்க்ரீஸ்"னு ஆறு தடவை போடுறதுக்கு பதிலா, முதல்ல ஒரு சிங்கிள், ஒரு இன்க்ரீஸ், பிறகு ரெண்டு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ் அஞ்சு தடவை, கடைசியில ஒரு சிங்கிள். எண்ணிக்கை அதே 24, மூலை மட்டும் காணாம போயிரும்.

கூம்பு வேணும்னா, அதாவது மூக்கு, கொம்பு, தொப்பி, காது நுனி, சுத்துக்கு 6க்கு பதிலா 3 கூட்டுங்க, நுனியில 60 டிகிரி கோணம் வரும். மூணு சுத்துக்கு ஒரு தடவை 6 கூட்டினா இன்னும் கூர்மையா, 40 டிகிரிக்கு கொஞ்சம் கம்மியா வரும். நீள்வட்டம் வேணும்னா, முதலை உடம்பு, செருப்பு வடிவ பாதம் மாதிரி, மேஜிக் ரிங் வேண்டாம், செயின்ல (சங்கிலி மாதிரி வரிசையா போடுற பின்னல்) ஆரம்பிக்கணும். 7 செயின் போட்டு ரெண்டாவது செயின்ல இருந்து 5 சிங்கிள், கடைசி செயின்ல 3 சிங்கிள், அப்படியே திரும்பி மறுபக்கம் 4 சிங்கிள், கடைசியில ஒரு இன்க்ரீஸ், மொத்தம் 14. இனிமே சுத்துக்கு ஆறுன்னு கூட்டணும், ஆனா மூணு ஒரு முனையிலயும் மூணு மறு முனையிலயும், நடுவுல நேரா விட்டுரணும்.

வளைவுதான் பலருக்கும் புரியாத இடம். குழாயா போயிட்டு இருக்கும்போது ஒரே சுத்துல ஒரு பக்கம் ஒரு டிக்ரீஸ், அதுக்கு நேர் எதிர் பக்கம் ஒரு இன்க்ரீஸ் போட்டா மொத்த எண்ணிக்கை மாறாது, ஆனா கூட்டின பக்கம் நீண்டு, குழாய் குறைச்ச பக்கமா வளையும். ஒரு சுத்து விட்டு ஒரு சுத்துன்னு நாலஞ்சு தடவை பண்ணினா தும்பிக்கை, வால், வாத்து கழுத்து எல்லாம் வரும். இங்க கவனம் வேணும், வலது கைக்காரங்க சுருளா போடும்போது ஒவ்வொரு சுத்தும் கீழ இருக்குற சுத்தை விட கொஞ்சம் வலப்பக்கம் சாயும், அதனால மார்க்கர்ல இருந்து எண்ணி அதே நம்பர்ல டிக்ரீஸ் போட்டுட்டே போனா வளைவு திருகிக்கிட்டு போகும். எண்ணுறதை விட்டுட்டு குழாயை மேல இருந்து பாத்து, வளைவோட உள்பக்கம் எதுன்னு கண்ணால பாத்து அங்க போடுங்க.

வடிவங்கள் கைக்கு வந்தாச்சுன்னா பேப்பர்ல படம் வரையலாம், அழகா வரையணும்னு அவசியமே இல்ல, உருண்டை, முட்டை, குழாய், கூம்பு, தட்டை வட்டம், இந்த அஞ்சுல எது எங்கன்னு தெரிஞ்சா போதும். நிஜ அளவுலயே வரைஞ்சிருங்க, ஒவ்வொரு பாகத்தோட விட்டத்தையும் அதுலயே அளந்துக்கலாம். அளவு விகிதம் பத்தி ஒரு வார்த்தை. கொன்ராட் லோரென்ஸ்ங்கிற ஆஸ்திரிய விலங்கு ஆய்வாளர் 1943லயே சொன்னது, பெரிய தலை, அகலமான நெத்தி, முகத்துல கீழ தள்ளி இருக்குற பெரிய கண்ணு, குட்டைக் கை கால், இதைப் பாத்தா நமக்கு குழந்தையை பாத்த மாதிரி கொஞ்சத் தோணும்னு. அமிகுருமி அழகா இருக்குறதுக்கு பெரிய காரணம் இதுதான். அதனால நிஜ யானைக்கு தலை எவ்வளவு உடம்பு எவ்வளவுன்னு பாக்காதீங்க, உடம்பை விட தலையை பெருசா வைங்க.

உதாரணத்துக்கு உக்காந்திருக்குற யானைக்குட்டி. உடம்பும் தலையும் ஒரே துண்டு, தைக்குற வேலை குறையும், தலையும் ஆடாது. அடியில இருந்து 6, 12, 18, 24, 30, அங்க அஞ்சு சுத்து நேரா, பிறகு 24, ரெண்டு சுத்து நேரா, 18. இதுதான் கழுத்து. இங்க நிறுத்தி உடம்புல பஞ்சு அடைச்சிட்டு, நூலை வெட்டாம தலைக்கு ஏறுங்க, 24, 30, 36, 42, நேரா ஏழு சுத்து, அப்புறம் 36, 30, 24, 18, 12, 6. 18க்கு கீழ கழுத்தை குறைக்காதீங்க, இவ்வளவு பெரிய தலையை 12 ஸ்டிட்ச் கழுத்து தாங்காது. தும்பிக்கை தனி, 6ல ஆரம்பிச்சு அடுத்த சுத்துல 9, எட்டு சுத்து அதே 9ல வளைவோட, பிறகு 12, இன்னும் ரெண்டு சுத்து. கால் நாலும் 6, 12, அடுத்த சுத்து 12ஐயும் பின் லூப்ல மட்டும் போட்டா பாதத்துக்கு கறாரா ஒரு விளிம்பு விழும், அப்புறம் சாதாரணமா அஞ்சு சுத்து. காதுக்கு 6, 12, 18, 24னு தட்டை வட்டம் ரெண்டு, ஒட்டுற இடத்துல லேசா ஒரு மடிப்பு வெச்சு தைச்சா யானைக் காது வந்துரும். காதுக்கு பஞ்சே கூடாது. தைக்கிற பாகம் எல்லாத்துலயும் ஒரு முழம் நூல் வால் விட்டு வெட்டுங்க.

பஞ்சை உருண்டையா திணிக்காதீங்க, வெளிய கட்டி கட்டியா தெரியும். சின்னச் சின்னதா பிச்சு உதறி, முதல்ல ஓரம் பூரா, பிறகு நடுவுலன்னு அடைக்கணும். கழுத்துல மட்டும் தாராளமா, கல்லு மாதிரி இறுக்கமா. பஞ்சு காலப்போக்குல அமுங்கும், அதனால போதும்னு தோணின பிறகும் இன்னும் கொஞ்சம் வைக்கலாம், ஆனா ஸ்டிட்ச் விரிஞ்சு வெள்ளையா தெரிய ஆரம்பிச்சா அதிகமாயிருச்சுன்னு அர்த்தம். கடைசி 6 ஸ்டிட்ச் மிஞ்சும்போது நூலை வெட்டி, ஊசியில கோத்து, ஆறோட முன் லூப் வழியாவும் உள்ள இருந்து வெளிய எடுத்து இழுத்தா ஓட்டை பூ மொட்டு மாதிரி மூடிக்கும்.

முகத்துக்கு வருவோம். மொத்த வேலையில எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும்னு நான் நினைக்கிறது இந்த இடம் ஒண்ணுதான். அதே உருண்டை, அதே கண்ணு, ரெண்டு ஸ்டிட்ச் தள்ளி வெச்சா ஆளே மாறிருவான். கண்ணு மேல ஏறினா வயசானவன் மாதிரி, கிட்ட கிட்ட வந்தா முறைக்கிற மாதிரி, கீழ இறங்கி அகலமா தள்ளிப் போனா குட்டி மாதிரி இருக்கும். நம்ம யானைக்கு தலையோட அந்த ஏழு நேர் சுத்துல கீழ இருந்து ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல, ரெண்டு கண்ணுக்கும் இடைல 9 ஸ்டிட்ச் விட்டு வெச்சுப் பாருங்க, தும்பிக்கை அந்த இடைவெளிக்கு நடுவுல ஒரு சுத்து கீழ தள்ளி உக்காரும். இது ஆரம்பப் புள்ளிதான், சட்டம் இல்ல. தலையை மூடுறதுக்கு முன்னாடி தற்காலிகமா பஞ்சு அடைச்சு, கறுப்பு தலை உள்ள குண்டூசியை கண்ணா குத்தி, தும்பிக்கையையும் குத்தி வெச்சு, கை நீட்டுற தூரத்துல இருந்து பாருங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து பாத்தா இன்னும் நல்லா தெரியும், கண்ணு பழகிப் போய் கவனிக்காத கோணல் எல்லாம் போட்டோல பட்டுன்னு மாட்டிக்கும். சரியா இருக்குன்னு மனசு சொன்ன பிறகுதான் சேஃப்டி கண்ணை (உள்பக்கம் வாஷர் போட்டு பூட்டுற பிளாஸ்டிக் கண்ணு) மாட்டணும், ஏன்னா உள்ள வாஷர் ஒரு தடவை டக்குனு உக்காந்துட்டா கழட்டவே முடியாது. வாஷர் போட்ட பிறகு தலையை மூடுங்க.

இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, மூணு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு கொடுக்கப் போறீங்கன்னா பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம். பேர்தான் சேஃப்டி கண்ணு. குரோஷே துணி இழுபடக் கூடியது, குழந்தை கடிச்சு இழுத்தா ஓட்டை விரிஞ்சு வாஷரோட சேத்தே வெளிய வந்துரும், அது நேரா தொண்டைக்குத்தான் போகும். கறுப்பு நூல்ல கண்ணை எம்பிராய்டரி பண்ணுங்க, பட்டன், மணி, தொங்குற கயிறு எதுவும் வேண்டாம். எம்பிராய்டரி கண்ணுக்கு ஓரத்துல வெள்ளை நூல்ல பிறை மாதிரி ஒரே ஒரு கோடு இழுத்துட்டா உயிர் வந்துரும்.

கண்ணு வெறுமனே மேல ஒட்டி வெச்ச மாதிரி இருந்தா ஒரு வேலை பண்ணலாம். நீளமான ஊசியில உறுதியான நூல் கோத்து, கழுத்துப் பக்கம் தலைக்கு அடியில குத்தி ஒரு கண்ணோட உள் ஓரத்துல வெளிய எடுத்து, ஒரு ஸ்டிட்ச் தள்ளி மறுபடி உள்ள விட்டு, கழுத்துக்கே திரும்பக் கொண்டு வாங்க. ரெண்டு நுனியையும் மெதுவா இழுத்தா கண்ணு உள்ள அமுங்கி, மேல புருவ மேடும் கீழ கன்னமும் தானா எழும்பும். பிடிச்ச அளவு வந்ததும் முடிச்சு போட்டு, நுனியை உடம்புக்குள்ள மறைச்சிருங்க. அடுத்த கண்ணுக்கும் அதே அளவு இழுக்கணும்.

தைக்கும்போது எதையும் நேரா தைக்க ஆரம்பிக்காதீங்க, எல்லா பாகத்தையும் குண்டூசியில குத்தி நிக்க வெச்சு, முன்னாடி, பின்னாடி, மேல இருந்துன்னு பாத்த பிறகுதான் ஊசி. காது ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கான்னு கண்ணால பாக்குறதை விட சுத்து எண்ணிப் பாருங்க, சுருள் சாய்வு இருக்குறதால கண்ணு ஏமாத்தும். உடம்புல ஒரு ஸ்டிட்ச், பாகத்தோட ஓரத்துல ஒரு ஸ்டிட்ச்னு மாத்தி மாத்தி எடுத்து, ரெண்டு மூணு தையலுக்கு ஒரு தடவை இழுத்து இறுக்கினா நூல் உள்ள போய் மறைஞ்சிரும். முடிச்சதும் குண்டூசி எத்தனை குத்தினோமோ அத்தனையும் திரும்ப வந்துச்சான்னு எண்ணி வெச்சுக்கணும், பஞ்சுக்குள்ள ஒண்ணு போயிட்டா வெளிய தெரியவே தெரியாது.

போடும்போதே பக்கத்துல ஒரு நோட்டு வெச்சு ஒவ்வொரு சுத்தையும் எழுதிக்கிட்டே போங்க, ரெண்டாவது கால் போடும்போதே அந்த நோட்டு தேவைப்படும். "சுத்து 7: 36"ன்னு கடைசி எண்ணிக்கையை கண்டிப்பா எழுதணும், எந்த நூல், எந்த ஹூக், கண்ணு எந்த சுத்துல, தும்பிக்கை எத்தனாவது சுத்துல இருந்து எத்தனாவது சுத்து வரைக்கும்னு எல்லாம். பிரிச்சுப் போட்ட இடத்தை அடிச்சுட்டு பக்கத்துலயே புது எண்ணை எழுதுங்க, பழசை கிழிக்க வேண்டாம். அடுத்த தடவை ஒரு கரடி போடணும்னா உடம்பும் தலையும் இதே எண்ணிக்கை, தும்பிக்கை இருந்த இடத்துல 6, 12, 18 வரைக்கும் கூட்டி ரெண்டு சுத்து நேரா போட்ட மூக்கு, காதுக்கு அரை வட்டம், அவ்வளவுதான் மாத்தணும்.